சுருட்டை விழுந்த தக்காளியும் சம்பந்திக்குச் சொன்ன வார்த்தையும்

மண்ணரை, திருப்பூர்
ஆடி 20, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி தாராபுரம் கன்னையன் அவர்கள் சமூகத்துக்கு, ராக்கையா இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் என் சம்சாரம் ஒச்சம்மாளும் நலம். வீட்டுச் சொந்தக்கார அம்மா பழனாத்தாள் நலம், கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது, காரணம் கீழே வரும். கீழ்த்தளத்தில் தையல் யூனிட் வைத்திருக்கும் மோகன்ராஜும் அவருடைய டெய்லர்கள் பன்னிரண்டு பேரும் நலம், தும்மல் நின்றுவிட்டது. மொத்தத்தில் இந்தக் கட்டடத்தில் மனிதர்கள் எல்லோரும் நலம். செடிகளில்தான் ஒருவரும் நலமில்லை. அவ்விடம் தாங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை யுவன், என் மகள் ஆஷா, அவள் வயிற்றுப் பிள்ளை, தங்கள் தோட்டத்துக் கத்தரி வரைக்கும் சகலரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கத்தரி என்று எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இந்தக் காலத்தில் போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் நீங்கள் எடுத்து, "சொல்லுங்க சம்பந்தி" என்றீர்கள். நான் அமராவதியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் ஒருவருக்குக் கோபம் வந்தால், "ஏய்யா, அன்னைக்கு என்னய்யா பேசுன" என்று நேராகக் கேட்டுவிடுவார்கள், நமக்கும் பதில் சொல்ல ஒரு வழி கிடைக்கும். நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசினால் கோபம் எந்த இடத்தில் இருக்கிறதென்று என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை. தவிரவும் நான் முப்பத்தொரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோளாறையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் பழக்கம்.

வைகாசியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை என்பதற்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இலை போட்டு, கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினீர்கள். நான் ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, "இதுக்கு எத்தனை தடவ மருந்து அடிச்சீங்க" என்று கேட்டேன். இரண்டு பக்கமும் உங்கள் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் நிதானமாக, "தேவைக்கு அடிக்கறதுங்க சம்பந்தி. நோவு வந்தா மருந்து திங்காம யாருங்க இருக்கறாங்க" என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "என் பேரப்பிள்ளை விசச்சோறு திங்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். வளைகாப்பு விருந்துக்கு அத்தனை காயும் என் மாடியில இருந்து வரும். ஒரு சொட்டு மருந்து கிடையாது" என்றேன். மோர் கேட்டு நீட்டிய கை ஒன்று அப்படியே அந்தரத்தில் இருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் என் இலையைப் பார்த்து, "சரிங்க. கொண்டாங்க" என்றீர்கள்.

அப்படிப் பேச எனக்கு அப்போது காரணம் இருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் மாதம் நான் ஒச்சம்மாளின் வேலைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தோசையின் விளிம்பு, மடித்த சேலையின் ஓரம், கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி. "என்னைய செக்கிங் பண்ணாம மாடிக்குப் போயி எதையாச்சும் பாருங்க" என்று அவள்தான் அனுப்பினாள். மண் நிரப்பிச் செடி வைக்கும் குரோ பேக் நாற்பது வாங்கி, தக்காளி, கத்தரி, வெண்டை, ஒரு சுரைக்கொடி எல்லாம் வைத்தேன். முதல் பறிப்பில் தக்காளி காய்த்தது பாருங்கள், பழனாத்தாள் அம்மாவே மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, நெசமாலுமே இது நீங்க வெச்சதுங்களா" என்றார். அந்தத் தக்காளியைத்தான் உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அது கொடுத்த தைரியத்தில்தான் பேசினேன்.

நான் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு காலையில் தக்காளிச் செடி ஒன்றில் நுனி இலைகள் மேல்பக்கமாகச் சுருண்டு, கிண்ணம் மாதிரி நின்றன. வெயிலுக்குச் சுருண்டிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பக்கத்துச் செடி. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஒரு பனியனில் கோளாறு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்டரேஷனுக்கு அனுப்புவோம். பழைய ரோல் ஒன்று பையில் கிடந்தது. உட்கார்ந்து, சுருண்ட இலைக்கெல்லாம் அம்பு ஒட்டினேன். முதல் நாள் பதினேழு. வெள்ளிக்கிழமைக்குள் ரோல் தீர்ந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தக்காளி நன்றாகக் காய்த்துப் பழுத்திருக்கிறது போலத் தெரிந்தது. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். துணி காயப்போட வந்த ஒச்சம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒட்டிட்டீக, சரி. இத எந்த டேபிளுக்கு அனுப்பப் போறீக?"

பதிலுக்கு நான் போனை எடுத்து இலையைப் படம் பிடித்து, நான் உறுப்பினராக இருக்கும் மாடித்தோட்டக் குழுவில் போட்டேன். பத்தொன்பது பேர் பதில் சொன்னார்கள். தண்ணீர் அதிகம் என்றார் ஒருவர், தண்ணீர் போதவில்லை என்றார் அடுத்தவர், ஒரு அம்மையார் செடியோடு தினமும் பேசச் சொன்னார், இரண்டு பேர் காலை வணக்கம் போட்டார்கள். பதற்றத்தில் அதே படத்தை நம் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டேன். உடனே அழித்தேன். நீங்கள் அதற்குள் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் கை கூப்பும் படம் ஒன்று போட்டீர்கள். அது வணக்கமா, அனுதாபமா, இல்லை 'நான் அப்போதே நினைத்தேன்' என்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்கும் ஒரு 'ங்க' போட்டிருந்தீர்களானால் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக யோசித்திருப்பேன்.

தக்காளி இப்படி இருக்க, சுரை இலைகளில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்தது. இதற்குக் காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. மோகன்ராஜ் யூனிட்டில் பன்னிரண்டு மிஷின் ஓடுகிறது, பஞ்சுத் தூசி பறக்காமல் என்ன செய்யும்? நேராகக் கீழே இறங்கி, மிஷின் சத்தத்துக்கு மேல் சத்தமாக, "உங்க பஞ்செல்லாம் என் சுரைக்கொடி மேல வந்து உக்காந்திருக்கு" என்று சண்டைக்கு நின்றேன். நல்ல மனிதர் அவர். பேசாமல் கூடவே மேலே வந்தார். ஒரு இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து, ஊதினார். மறுபடி ஊதினார்.

"அண்ணா, இது நம்ம பஞ்சு இல்லீங்க" என்றார். "நம்ம பஞ்சு, ஊதுனா பறந்துருமுங்க. இது உக்காந்த இடத்த உட்டு நகர மாட்டேங்குது பாருங்க."

பின்னாலேயே பழனாத்தாள் அம்மா வந்து நின்றிருந்தார். இலையைப் பார்த்தவுடன், "சாம்பலுங்க அது, சாம்பல்" என்றார். அனுபவசாலி சொல்லும் மருந்து என்று எடுத்துக்கொண்டேன். மண்ணரை பேக்கரியில் விறகு அடுப்பு இருக்கிறது, போய் ஒரு சாக்குச் சாம்பல் வாங்கி வந்து, சல்லடையில் போட்டு, கொடி முழுக்க அடியில் இருந்து நுனி வரைக்கும் தூவினேன். மாலையில் அந்த அம்மா வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

"நோவு பேரு சாம்ப நோவுன்னு சொன்னேனுங்க. மருந்துன்னா சொன்னேன்?"

அன்று முதல் அந்தக் கொடியில் நோய் எது, மருந்து எது என்று எனக்கும் தெரியவில்லை, கொடிக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இலையெல்லாம் பழுத்துத் தொங்கியது. வெட்டிப் போட்டேன்.

வெண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி, பச்சையும் மஞ்சளுமாக வலை பின்னினாற்போல ஆனது. உண்மையைச் சொன்னால் முதல் நாள் நான் அதை ரசித்தேன். பிரிண்டிங்கில் இப்படி ஒரு டிசைன் போட்டால் நன்றாக ஓடுமே என்று மோகன்ராஜைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன். அதுவும் ஒரு நோய் என்பது காய் வெளுத்து விறகாக வந்த பிறகுதான் தெரிந்தது. கத்தரி என்னவென்றால் இலையெல்லாம் தங்கமாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு காயிலும் ஊசி குத்தினாற்போல ஒரு துளை, உள்ளே ஒரு புழு, எனக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தது.

இத்தனைக்கும் நான் மருந்து அடிக்கவில்லை. உங்களிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தக்காளிச் சுருட்டைக்குக் காரணம் வெள்ளை ஈ, அதற்கு மஞ்சள் நிறம் பிடிக்கும், மஞ்சள் அட்டையில் எண்ணெய் தடவித் தொங்கவிட்டால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அட்டைக்கு எங்கே போவது? வேஸ்ட் துணிக்கடை அக்பர் பாயிடம் போய் மஞ்சள் பனியன் துணி கை நிறைய அள்ளி வந்து, விளக்கெண்ணெயில் முக்கி, கயிறு கட்டி, செடிக்கொன்றாகத் தொங்கவிட்டேன். நன்றாக வேலை செய்தது. மத்தியானத்துக்குள் துணியில் பொடிப்பொடியாக ஈ.

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பழனாத்தாள் அம்மா மாடிக்கு வந்திருக்கிறார். ஆடி வெள்ளி வேறு. செடிக்குச் செடி மஞ்சள் துணி கட்டியிருப்பதைப் பார்த்ததும், நான் ஏதோ அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இறங்கிப் போய்ச் சூடம் எடுத்து வந்து, கொளுத்தி, கும்பிட்டு, பக்தியாக ஒரு மஞ்சள் துணியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். விளக்கெண்ணெயும் ஈயும் கண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஈரத் தலையோடு ஓடி வந்தபோது அவர் கண்ணைத் திறக்க முடியாமல், "ஆத்தா கண்ணு எரியுதுங்க, சக்தி உள்ள சாமியுங்க இது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் எதிர்வீட்டு அம்மாக்கள் மூன்று பேர் வந்து நோயாளித் தக்காளிக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒச்சம்மாள் மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

சாமியும் கைவிட்ட பிறகு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க்கு வந்தேன். மூன்றையும் அரைத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து அடித்தால் எந்தப் பூச்சியும் நிற்காது என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள், மனிதர்களும் நிற்கவில்லை. கடந்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கைத்தெளிப்பானை நிரப்பிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதை யோசிக்காமல் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். என் கண் எரியவில்லை, அதனால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். காற்று அத்தனையையும் மாடிப்படி வழியாகக் கீழே கொண்டுபோய் மோகன்ராஜ் யூனிட்டுக்குள் ஊற்றியிருக்கிறது. முதலில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு இரண்டு. பிறகு மிஷின் ஒவ்வொன்றாக நின்று, தும்மல் மட்டும் வரிசையாகக் கேட்டது. பீகார்ப் பையன்கள் இந்தியில் ஏதோ கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அன்று பார்த்து அங்கே வெள்ளை டீ சர்ட் லாட்டுக்குக் கடைசி இன்ஸ்பெக்ஷன். வந்திருந்த இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறி வந்து நின்றார். பார்த்தால் ரோஸ்மேரி.

உங்களுக்கு அவளைத் தெரியாது. விளாத்திகுளத்துப் பெண். பத்து வருடம் முன்னால் என் டேபிளில்தான் ஹெல்ப்பராகச் சேர்ந்தாள். எது கறை, எது நிழல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கித் தரும் பெரிய பையிங் ஆபீசில் இருக்கிறாள்.

"சார், நீங்களா?"

"நான்தாம்மா. கீழ யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"தும்மிக்கிட்டு இருக்காங்க சார். லாட்டுக்கு ஒண்ணும் ஆகல, மேல பாலித்தீன் போட்டிருந்துச்சு."

அதற்குப் பிறகும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செடிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தாள். அம்பு ஒட்டிய இலையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் துணியைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்து ஏதோ கேட்க வந்து கேட்காமல் விட்டாள். முதல் வரிசையில் ஆறு தக்காளிச் செடி நன்றாகச் சுருண்டிருந்தன, பின்னால் பத்துச் செடி அப்போதும் சுத்தமாக இருந்தன.

"சார், இந்த ஆறுக்கும் ஆல்ட்டர் கிடையாது" என்றாள். "இது துணிக்குள்ளயே இருக்குற கோளாறு. ஆயில் பட்ட பீஸ அடுக்குல வைக்காத, அடியில உள்ளதுக்கும் எறங்கிரும்னு நீங்கதான சொல்லுவீங்க. புடுங்கிப் பைல கட்டிப் போட்ருங்க. மத்ததக் காப்பாத்தலாம்."

"இன்னும் நாலு நாள் பாப்பமேம்மா. பூ விட்டிருக்கு."

"எங்க அப்பாவும் அப்படித்தான் சார். மொளகா போட்டிருந்தாங்க. இதே சுருட்டதான். புடுங்க மனசில்லாம தெனமும் போயிப் பாத்துட்டே இருந்தாங்க. கடைசில வயக்காடே போச்சு. அதுக்கப்புறம்தான் நான் திருப்பூருக்கு பஸ் ஏறினேன்."

அவள் போன பிறகு பிடுங்கத்தான் போனேன். அடியில் கை வைத்தேன். நாலு பூ, ஒரு கோலி அளவுக்குப் பிஞ்சு. கை வரவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ ஏற்றுமதிக்காரர்கள் கெஞ்சியும் ஒரு கறை பீஸை நான் பாஸ் பண்ணியது கிடையாது. என் சொந்தச் செடிக்கு வந்தபோது ஆறுக்கும் பாஸ் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் பதினாறு செடியும் கிண்ணம் மாதிரி சுருண்டு நின்றன. ஒச்சம்மாள் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டாள், நான் பிடுங்கினேன். அந்தச் சமயத்தில் பார்த்து ஆஷா போன் செய்தாள். "தக்காளி எப்படிப்பா இருக்கு" என்று கேட்டாள். "பறிச்சுக்கிட்டே இருக்கேன்மா" என்றேன். பொய்யில்லை பாருங்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம் வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பெரிய பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனேன். ஒச்சம்மாளிடம் சொல்லவில்லை. வளைகாப்புக்கு முதல் நாள் எதை எங்கே வாங்குவது என்று பார்த்து வைத்துக்கொள்வதற்கும், வாங்கினால் மாடியில் காய்த்தது போல இருக்குமா என்று வெள்ளோட்டம் பார்ப்பதற்கும்தான் போனேன். ஒரு அம்மாவிடம் கத்தரி குவியலாகக் கிடந்தது. பளபளவென்று இருந்ததை எடுத்தால் நீங்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் துளை விழுந்தது, கோணியது, காம்பு வாடியது என்று தேடித் தேடி எடுத்துப் பையில் போட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, நல்லதெல்லாம் உட்டுப்போட்டு சொத்தையாப் பொறுக்கறீங்களே. மாட்டுக்குங்களா?"

"இல்லீங்கம்மா. சம்பந்தி ஊட்டு விருந்துக்குங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "சம்பந்திக்கும் உங்களுக்கும் ஆகாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆயுசு முழுக்கச் சொத்தையை ஒதுக்கிச் சம்பளம் வாங்கியவன், நடுச் சந்தையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். எதற்காக? மற்றவர் தோட்டத்துக் காயை என் காய் என்று ஏமாற்றி, உங்கள் பங்காளிகள் முன்னால் நிமிர்ந்து உட்காருவதற்காக. அத்தனையையும் குவியலிலேயே திருப்பிக் கொட்டினேன். காலிப் பையோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சம்பந்தி, இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அன்று நான் பேசியதற்கு மருந்து காரணமில்லை. நான் பேசுவதற்குச் சற்று முன்னால் ஆஷா அந்தக் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டு, "அப்பா, மாமா தோட்டத்துக் கத்தரிக்கா மாதிரி எங்கயும் வராதுப்பா" என்று என்னிடம் சொன்னாள். நான் கொண்டுவந்த தக்காளிப் பை பிரிக்காமல் உங்கள் தூணோரம் கிடந்தது. அவ்வளவுதான் விஷயம். பெற்ற மகள் இன்னொரு வீட்டுச் சாப்பாட்டை மெச்சினால் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது தெரிவதற்குள் வாய் முந்திக்கொண்டது. மாதக்கணக்காக மசக்கையில் எதையும் தொடாத பிள்ளை, உங்கள் வீட்டில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அந்தச் சோற்றைத்தான் நான் விசம் என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்த நாலு பேர் முன்னால் விருந்தன்று எழுந்து நின்று, சொன்னது தப்பு என்று நானே சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு அத்தனை காயும் உங்கள் தோட்டத்திலேயே பறித்துவிடுங்கள். வளையலும் பழமும் பூவும் நாங்கள் கொண்டு வருகிறோம். நான் இலையில் உட்கார்ந்தால் சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறப்பேன். மாடியில் இருக்கும் குரோ பேக்குகளை நாளைக்கே காலி செய்துவிடுகிறேன், இனி செடி கொடி பக்கம் போவதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு அன்பு. வயிற்றுப் பிள்ளைக்கு, அது எந்த ஊர்த் தமிழ் பேசினாலும், இந்தத் தாத்தாவின் வாயை மட்டும் கொண்டு பிறக்காமல் நூறு வயது இருக்க ஆசி. தங்கள் வயலில் ஒரு இலையும் சுருளாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
மா. ராக்கையா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் பைகளைக் காலி செய்யலாம் என்று மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரை ஒட்டி, இலை மறைவில் ஒரு சுரைக்காய் தொங்குகிறது. என் முழங்கை நீளம். சுற்றிச் சுற்றி, தடவித் தடவி, இரண்டு முறை செக்கிங் செய்துவிட்டேன். ஒரு புள்ளி, ஒரு கீறல் கிடையாது. நான் வெட்டிய கொடியில் ஒரு கிளை எனக்கே தெரியாமல் தப்பித்துப் போய்க் காய்த்திருக்கிறது. ஆகவே மேலே எழுதியதில் சில திருத்தங்கள். கத்தரிக்காய் சம்பந்தமான மன்னிப்பு அப்படியே இருக்கட்டும். சுரைக்காய் சம்பந்தமான மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் எழுந்து நின்று பேசுவதாகச் சொன்னதை, உட்கார்ந்தபடி பேசுவதாக மாற்றிக்கொள்ளவும். விருந்தில் கூட்டு என்னுடையது. ஒரு சொட்டு மருந்து படாத காய் என்று உங்கள் பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும். பைகளைக் காலி செய்யவில்லை, அவரை விதை வாங்கப் போகிறேன்.

அண்ணே, ஒச்சம்மா எழுதுறேன். கவர ஒட்டச் சொல்லி ஏங்கிட்டக் குடுத்துட்டு வெதக் கடைக்குப் போயிருக்காரு. அந்தச் சொரக்கா எங்களுது இல்லண்ணே. பழனாத்தா அக்கா கொல்லையில வச்ச கொடி, பைப்பப் புடிச்சு ரெண்டு மாடி ஏறி வந்திருக்கு. மோகன்ராஜ் தம்பிதான் அதுக்கு வாராவாரம் கடை மருந்து அடிச்சுக் குடுக்குது, நானே பாத்திருக்கேன். அக்காட்டக் கேட்டேன், "பாவமுங்க, மனுசன் அறுத்துக்கட்டும், வாயத் தொறக்காதீங்க" அப்படின்னாக. நானும் தொறக்கல. நீங்களும் தொறக்காதீக. அன்னைக்கு அதத் தோள்ல தூக்கிக்கிட்டு உங்க வாசல்ல வந்து நிப்பாரு. நல்லாக் கழுவச் சொல்லிட்டு, "நல்லா வந்திருக்குங்க சம்பந்தி" அப்படின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்கண்ணே.